அம்பாசமுத்திரத்து முக்கோணப் பெட்டி: அறுபது துண்டுகளும் ஒரு மில்லிமீட்டரும்

பாளையங்கோட்டையில் என் வீட்டு முன்னறையில், ஏழாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு மாலை நேரங்களில் கணக்குச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். வடிவியல் பாடத்துக்காக, பிள்ளைகள் விளையாடும் மரச் செப்புச் சாமான் கடைந்து விற்கும் அம்பாசமுத்திரத்துப் பட்டறை ஒன்றிலிருந்து மரத்தாலான முக்கோணப் பெட்டி ஒன்றைச் சென்ற ஆனி மாதத்தில் 1,650 ரூபாய் கொடுத்து வாங்கினேன். ஆறு மாதம் பிள்ளைகளின் கையில் புழங்கிய பிறகே அதைப் பற்றி எழுத வேண்டும் என்று காத்திருந்தேன். ஒரு கற்பிக்கும் கருவியை வாங்கிய அன்றே மதிப்பிட முடியாது என்பது என் எண்ணம். அதை எந்தப் பிள்ளை எப்படித் தவறாகப் பிடிக்கிறது என்று பார்த்த பிறகுதான் அதன் நல்லதும் கெட்டதும் நமக்குத் தெரியவருகிறது.

பெட்டியில் இருப்பவை அறுபது இருசமபக்க முக்கோணத் துண்டுகள். எல்லாம் எட்டு மில்லிமீட்டர் தடிமன் உள்ள மஞ்சக்கடம்புப் பலகையில் வெட்டியவை. உச்சிக்கோணம் 90 டிகிரி உள்ள சிவப்புத் துண்டுகள் பதினாறு, 60 டிகிரி உள்ள மஞ்சள் துண்டுகள் பன்னிரண்டு, 120 டிகிரி உள்ள பச்சைத் துண்டுகள் பன்னிரண்டு, 108 டிகிரி உள்ள நீலத் துண்டுகள் பத்து, 36 டிகிரி உள்ள நிறம் பூசாத துண்டுகள் பத்து. முதல் நான்கு வகைகளிலும் சமமான இரு பக்கங்கள் ஒவ்வொன்றும் 5 செ.மீ. நீளம், நிறம் பூசாத ஒடுங்கிய துண்டுகளில் மட்டும் அடிப்பக்கம் 5 செ.மீ. ஆகவும் சமபக்கங்கள் சற்றேறக்குறைய 8.1 செ.மீ. ஆகவும் இருக்கின்றன. ஆகவே பெட்டியிலுள்ள எந்தத் துண்டை எடுத்தாலும் அதன் ஒரு பக்கமாவது வேறெந்தத் துண்டோடும் ஒட்டி உட்காரும். இந்த ஒரு முடிவுக்காகவே பெட்டியை வடிவமைத்தவரைப் பாராட்ட வேண்டும், ஏனென்றால் கடைகளில் நான் பார்த்த வண்ணப் பிளாஸ்டிக் வடிவங்களில் ஒரு வகையின் பக்கம் இன்னொரு வகையின் பக்கத்தோடு பொருந்துவது அபூர்வம்.

இவற்றோடு அறுபத்தொன்றாவதாக, மூன்று பக்கங்களும் மூன்று நீளத்தில் உள்ள துண்டு ஒன்றும், ஆறு குழிகள் வெட்டிய தட்டு ஒன்றும் வருகின்றன. பெட்டியின் உயிர் அந்தத் தட்டில்தான் இருக்கிறது என்று நான் சொல்வேன். ஒவ்வொரு வகைத் துண்டுக்கும் ஒரு குழி. பக்கங்கள் வேறுபட்ட துண்டுக்கும் ஒரு குழி. பிள்ளைகளிடம் நான் சொல்வது ஒன்றே ஒன்று: துண்டைக் குழியில் போடுங்கள், பிறகு எடுத்துப் புரட்டி, அடிப்புறம் மேலே வரும்படி மறுபடியும் போடுங்கள். பக்கங்கள் வேறுபட்ட துண்டு முதல் முறை உட்காரும், புரட்டினால் உட்காராது. எத்தனை முறை சுற்றிப் பார்த்தாலும் ஒரு மூலை வெளியே நிற்கும். மற்ற ஐந்து வகைகளும் புரட்டிய பிறகும் அதே குழியில் இறங்கிவிடும். முதல் நாள் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி பச்சைத் துண்டை மூன்று முறை புரட்டிப் போட்டுப் பார்த்துவிட்டு, "எப்படிப் போட்டாலும் உக்காருது டீச்சர், அப்ப ரெண்டு ஓரமும் ஒண்ணுதான?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குள் தேற்றமும் இருக்கிறது, நிரூபணமும் இருக்கிறது.

இரு பக்கங்கள் சமமானால் அவற்றுக்கு எதிரே உள்ள கோணங்களும் சமம் என்பது, கி.மு. 300 வாக்கில் யூக்ளிட் தொகுத்த வடிவியல் நூலின் முதல் புத்தகத்தில் ஐந்தாவது தேற்றம். அங்கே அவர் பக்கங்களை நீட்டி, கூடுதல் கோடுகள் வரைந்து, இரண்டு சோடி முக்கோணங்களை ஒப்பிட்டு நிரூபிக்கிறார். இடைக்கால ஐரோப்பாவில் பாடம் படித்த பிள்ளைகள் இந்த இடத்தில் தடுக்கி நின்றதால் இதற்குக் கழுதைப் பாலம் என்றே பெயர் விழுந்தது என்பார்கள். அலெக்சாந்திரியாவில் கி.பி. நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த பப்பஸ் என்பவரின் நிரூபணமோ மிக எளியது. அஆஇ என்ற முக்கோணத்தில் அஆ, அஇ இரண்டும் சமம் என்று கொள்வோம். அந்த முக்கோணத்தையே புரட்டி அஇஆ என்று படித்தால், முதல் வாசிப்பின் அஆவுக்கு இரண்டாம் வாசிப்பின் அஇ சமம், அஇக்கு அஆ சமம், நடுவிலுள்ள கோணம் இரண்டுக்கும் பொது. ஆகவே பக்கம், கோணம், பக்கம் என்ற விதிப்படி முக்கோணம் தன் புரட்டிய வடிவத்தோடு சர்வசமமாகிறது. ஆவிலுள்ள கோணமும் இயிலுள்ள கோணமும் சமமாகின்றன. வேறு கோடு வேண்டாம், வேறு முக்கோணம் வேண்டாம். கரும்பலகையில் இதை எழுதினால், "ஒரே முக்கோணத்தை எப்படி டீச்சர் ரெண்டுன்னு சொல்றீங்க?" என்று பிள்ளைகள் மலைத்துப்போவார்கள். துண்டைக் கையால் புரட்டிக் குழியில் போட்ட பிள்ளைக்கு அந்த மலைப்பே வருவதில்லை. இருபது ஆண்டுகளாகச் சுண்ணக்கட்டியால் விளக்க முயன்ற ஒன்றை இந்தத் தட்டு ஐந்து நிமிடத்தில் விளக்கிவிட்டது என்று எழுதும்போது எனக்கு மிகுந்த மகிழ்ச்சியாக இருக்கிறது.

பெட்டியோடு வரும் அச்சுத்தாளைப் பற்றி அதே மகிழ்ச்சியோடு எழுத முடியவில்லை. அதில் இரண்டு பிழைகள் உள்ளன. இருசமபக்க முக்கோணத்தின் நடுக்கோடுகள் பக்கங்களுக்குச் செங்குத்தானவை என்று பொதுப்படையாக அச்சிட்டிருக்கிறார்கள். உச்சியிலிருந்து அடிப்பக்கத்தின் நடுப்புள்ளிக்கு வரும் ஒரு நடுக்கோடு மட்டுமே அடிப்பக்கத்துக்குச் செங்குத்தாக அமையும். அதுவே உச்சிக்கோணத்தை இரு சமபங்காகப் பிரிக்கும், அதுவே அந்த வடிவத்தின் சமச்சீர்க் கோடு. மற்ற இரண்டு நடுக்கோடுகளும் செங்குத்தாக இருக்க வேண்டுமானால் முக்கோணம் சமபக்க முக்கோணமாக இருக்க வேண்டும். இரண்டாவது பிழை, மஞ்சள் துண்டு இருசமபக்க முக்கோணம் அல்ல என்று எழுதியிருப்பது. யூக்ளிட் இரண்டு பக்கங்கள் மட்டும் சமமாக உள்ளதையே இருசமபக்கம் என்று வரையறுத்தார் என்பது உண்மைதான். இன்றைய கணிதத்திலோ குறைந்தது இரண்டு பக்கங்கள் சமம் என்பதே வழக்கம். சமபக்க முக்கோணம் அதற்குள் அடங்கிய சிறப்பு வகை. இதற்கும் தட்டே சாட்சி சொல்கிறது. பக்கங்கள் வேறுபட்ட துண்டு தன் குழியில் ஒரு வழியில் மட்டும் இறங்கும், இருசமபக்கத் துண்டு இரண்டு வழிகளில் இறங்கும், மஞ்சள் துண்டு ஆறு வழிகளில் இறங்கும். இருசமபக்கத் துண்டு செய்யும் எதையும் மஞ்சள் துண்டும் செய்துகாட்டும்போது அதை அந்தக் கூட்டத்திலிருந்து விலக்கக் காரணமில்லை. அச்சுத்தாளை நான் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டேன். வாங்குபவர்களும் அப்படியே செய்யலாம்.

நடுக்கோட்டுப் பிழையைப் பட்டறைக்காரரிடம் சொன்னபோது நடந்ததை இங்கே குறிப்பிட விரும்புகிறேன். தாளை எழுதியவர் அவரல்லர். யாரோ எழுதிக் கொடுத்ததை அச்சிட்டிருக்கிறார். நான் விளக்கத் தொடங்கியதும் அவர் என்னைத் தடுத்து, ஓட்டு வீட்டுக் கூரையைக் காட்டினார். முகட்டில் சேரும் இரண்டு கைமரங்களும் ஒரே நீளம் என்றால், முகட்டிலிருந்து தூக்குக்குண்டை இறக்கினால் அது கீழேயுள்ள விட்டத்தின் சரியான நடுவில் வந்து நிற்கும் என்றும், நடுவில் நிற்கவில்லையென்றால் ஒன்று கைமரம் நீளம் தப்பியிருக்க வேண்டும், இல்லை விட்டம் மட்டமாக இல்லாமல் இருக்க வேண்டும் என்றும் சொன்னார். "ரெண்டு கையும் ஒண்ணா இருந்தா குண்டு நடுவுலதான் விழும் டீச்சர், இதுக்குப் பொஸ்தகம் எதுக்கு?" என்றார். அவர் சொன்னது முழுக்கச் சரி. மரத்தால் முக்கோணச் சட்டம் செய்து, உச்சியில் குண்டு கட்டி, அடிச்சட்டத்தின் நடுவில் கீறிய கோட்டில் நூல் நிற்கிறதா என்று பார்த்துத் தரையின் மட்டத்தை அறிவது, ரசமட்டம் வருவதற்கு வெகுகாலம் முன்பே பல நாடுகளிலும் கொத்தர்களும் தச்சர்களும் கையாண்ட முறை. அது இருசமபக்க முக்கோணத்தின் இந்த ஒரே பண்பின் மேல் நிற்கிறது. "அண்ணாச்சி, இதையே தாளில் போட்டுவிடுங்கள்" என்று கேட்டுக்கொண்டேன்.

இனித் துண்டுகளைச் சேர்க்கும் விளையாட்டுக்கு வருகிறேன். பெட்டியில் மிகுதியான நேரம் செலவாவது இங்கேதான், செலவாக வேண்டியதும் இங்கேதான். ஒரே வகையில் இரண்டு துண்டுகளை எடுத்து அடிப்பக்கத்தோடு அடிப்பக்கம் சேர்த்தால், எந்த நிறமானாலும் சாய்சதுரம் கிடைக்கும். சிவப்பில் மட்டும் அந்தச் சாய்சதுரம் சதுரமாகிவிடும். சமபக்கத்தோடு சமபக்கம் சேர்ப்பதற்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்றின் உச்சி மற்றதன் அடிமூலையைத் தொடும்படி வைத்தால் இணைகரம் வரும். உச்சியோடு உச்சி சேரும்படி வைத்தால் என்ன வரும் என்பது உச்சிக்கோணத்தைப் பொறுத்தது, பிள்ளைகளை வாய்பிளக்க வைக்கும் இடமும் அதுதான். ஒடுங்கிய 36 டிகிரித் துண்டுகள் பட்டம் என்ற நாற்கரத்தைத் தரும். மஞ்சளில் அந்தப் பட்டத்தின் நான்கு பக்கங்களும் சமமாகிச் சாய்சதுரம் வரும். சிவப்பில் இரண்டு செங்கோணங்கள் சேர்ந்து 180 டிகிரி ஆவதால் அந்த மூலையே நேர்கோட்டில் மறைந்து, பெரிய இருசமபக்க முக்கோணம் ஒன்று மிஞ்சும். நீலத்திலும் பச்சையிலும் உச்சிகள் சேர்ந்த கோணம் 180ஐத் தாண்டிவிடுவதால் வடிவம் உள்ளே மடங்கி அம்புமுனையாகிவிடும். பட்டம், முக்கோணம், அம்புமுனை மூன்றும் ஒரே செயலின் விளைவுகள். அந்தச் செயல் எந்த வடிவத்தைத் தரும் என்பதை 90 டிகிரி என்ற எல்லை முடிவு செய்கிறது. செங்கோணம் ஏன் முக்கியம் என்று கேட்ட பிள்ளைக்கு இதைவிட நல்ல பதிலை நான் இதுவரை சொன்னதில்லை.

சிவப்புத் துண்டுகளை மட்டும் வைத்துக்கொண்டே ஒரு விடுமுறையைக் கழிக்கலாம். பக்கங்கள் முழுதாகப் பொருந்த வேண்டும் என்ற கட்டுப்பாட்டில், புரட்டினால் ஒன்றாகிவிடும் வடிவங்களை ஒன்றாகவே எண்ணினால், இரண்டு துண்டுகளால் மூன்று வடிவங்களும், மூன்று துண்டுகளால் நான்கும், நான்கு துண்டுகளால் பதினான்கும் அமையும். என் எட்டாம் வகுப்புக் கூட்டம் இரண்டு வாரத்தில் பதின்மூன்றைக் கண்டுபிடித்துவிட்டு, பதினான்காவதற்காகச் சிவப்புத் துண்டுகள் நான்கை என் அனுமதியோடு வீட்டுக்கு எடுத்துச் சென்றது. பதினாறு என்ற எண்ணிக்கையும் தற்செயலாகத் தேர்ந்தெடுத்தது அல்ல என்று நினைக்கிறேன். சீனத்து ஏழு துண்டுப் புதிரான டேங்கிராமில் உள்ள ஐந்து முக்கோணங்கள், ஒரு சதுரம், ஓர் இணைகரம் எல்லாவற்றையும் அதன் மிகச்சிறிய முக்கோணமாக வெட்டினால் மொத்தம் பதினாறு வரும். அந்த ஏழு துண்டுகளையும் பயன்படுத்தி அமைக்கக்கூடிய குவிவு வடிவங்கள், அதாவது எங்கும் உள்ளே மடங்காத வடிவங்கள், பதின்மூன்றே என்று 1942இல் இரண்டு சீனக் கணித அறிஞர்கள் நிறுவினார்கள். ஆகவே இந்தச் சிவப்புப் பதினாறைக் கொண்டு அந்தப் பதின்மூன்றையும் அமைத்துப் பார்க்கலாம்.

மஞ்சளும் பச்சையும் சேர்ந்து ஒரு வியப்பை ஒளித்துவைத்திருக்கின்றன. பார்வைக்குப் பச்சைத் துண்டு நீண்டும் தட்டையாகவும், மஞ்சள் துண்டு உயர்ந்தும் நிறைவாகவும் தெரியும். எது பெரியது என்று கேட்டால் பிள்ளைகள் பாதிப் பாதியாகப் பிரிந்து சண்டையிடுவார்கள். இரண்டு மஞ்சளைச் சேர்த்தால் 60, 120 டிகிரிக் கோணங்கள் கொண்ட சாய்சதுரம் வரும். இரண்டு பச்சையை அடிப்பக்கத்தில் சேர்த்தாலும் அதே சாய்சதுரம்தான் வரும், பக்கமும் அதே 5 செ.மீ. ஒரே சாய்சதுரத்தைக் குட்டையான மூலைவிட்டத்தில் வெட்டினால் மஞ்சள், நெட்டையான மூலைவிட்டத்தில் வெட்டினால் பச்சை. ஆகவே இரண்டின் பரப்பும் சமம். சொன்னால் நம்பாதவர்களுக்காக நான் சமையலறைத் தராசைக் கொண்டுவந்தேன். பன்னிரண்டு மஞ்சள் 68 கிராம், பன்னிரண்டு பச்சை 67 கிராம் காட்டின. மர இழையின் வேறுபாட்டுக்கு ஒரு கிராமைத் தள்ளிவிடலாம். உச்சிக்கோணங்கள் இரண்டும் கூடி 180 டிகிரி ஆகும்போது, சமபக்கங்களும் ஒரே நீளமாக இருந்தால் பரப்பும் ஒன்றாகும் என்ற செய்தியை, சைன் அட்டவணையைப் பார்த்திராத பிள்ளை தராசில் பார்த்துவிடுகிறது. ஆறு மஞ்சள் சேர்ந்தால் அறுகோணம் வருவது எல்லோருக்கும் தெரியும். ஆறு பச்சையை மூன்று சாய்சதுரங்களாக்கி ஒரு புள்ளியைச் சுற்றி அடுக்கினாலும் அதே அறுகோணம் வரும் என்பது அதன் பிறகு தானாகவே பிடிபடுகிறது.

இனிப் பெட்டியின் குறைக்கு வருகிறேன். நிறம் பூசாத 36 டிகிரித் துண்டுகள் பத்தையும் உச்சிகள் ஒரு புள்ளியில் கூடும்படி சுற்றி அடுக்கினால் பத்து மடங்கு 36, அதாவது 360 டிகிரி நிறைந்து, ஒழுங்கான பத்துக்கோணம் மூடிக்கொள்ள வேண்டும். எனக்கு வந்த பெட்டியில் அது மூடவில்லை. ஒன்பது இடைவெளிகளிலும் துண்டுகளை இறுக்கிப் பிடித்தபோது, பத்தாவது துண்டுக்கும் முதல் துண்டுக்கும் நடுவே ஐந்து டிகிரித் திறப்பு நின்றது. விளிம்பில் அதன் அகலம் ஏழு மில்லிமீட்டர். பிள்ளைகள் அதைக் கண்டதும், "தேற்றம் மரத்துக்குப் பொருந்தாது போலிருக்கிறது" என்று முடிவுக்கு வந்துவிட்டார்கள். ஒரு பிள்ளை அப்படி நினைத்துவிட்டால் அதை மாற்றுவது கடினம். அன்று மாலை எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது.

பள்ளிக் கோணமானியை வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு துண்டும் 36 டிகிரிதான் காட்டியது, ஏனென்றால் ஒரு டிகிரிக்குக் கோடு போட்ட கோணமானியில் அரை டிகிரிக் குறை கண்ணில் படாது. ஆனால் அந்த அரை டிகிரி பத்து முறை கூடினால் ஐந்து டிகிரியாகிவிடும். பக்கங்களை இரும்பு அளவுகோலால் அளந்தபோதுதான் காரணம் விளங்கியது. அடிப்பக்கம் சரியாக 50 மி.மீ. இருந்தது, சமபக்கங்கள் 81 மி.மீ. இருப்பதற்குப் பதிலாக 82 இருந்தன. 50, 81, 81 என்ற அளவில் வெட்டினால் உச்சிக்கோணம் 35.95 டிகிரி வரும், பத்துத் துண்டுகளுக்குப் பிறகும் அரை டிகிரிகூடத் திறப்பு இருக்காது. 50, 82, 82 என்றால் கோணம் 35.5 டிகிரிக்கு இறங்கிவிடும். ஒரே ஒரு மில்லிமீட்டர் நீளப் பிழை, விளிம்பில் ஏழு மில்லிமீட்டர் ஓட்டையாக வந்து நின்றிருக்கிறது. இதில் சிவப்புத் துண்டுகளில் பிழை தெரியாததற்கும் காரணம் உண்டு: செங்கோணத்தை மூலைமட்டம் வைத்து வெட்டுகிறார்கள், அதுவும் நான்கே துண்டுகளில் சுற்று முடிந்துவிடுகிறது.

அம்பாசமுத்திரத்துக்குப் பத்துத் துண்டுகளையும் எடுத்துக்கொண்டு போனேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததில் அளவு மாறியிருக்கும் என்று பட்டறைக்காரர் முதலில் சொன்னார். மூன்று பக்கங்களிலும் ஒரே அளவு தேய்த்தால் முக்கோணம் சிறுக்குமே ஒழியக் கோணம் மாறாது, வடிவொத்த முக்கோணமே மிஞ்சும் என்று வரைந்து காட்டினேன். அவர் கொஞ்சநேரம் அதைப் பார்த்துவிட்டு, வெட்டுவதற்கு வைத்திருந்த தகர அச்சை எடுத்துவந்து அளந்தார். அச்சிலேயே 82 இருந்தது. குறையை ஒப்புக்கொள்ள அவர் தயங்கவில்லை. காசு வாங்காமல், எட்டு நாளில் பத்துத் துண்டுகளையும் புதிதாக வெட்டிக் கொடுத்தார். அச்சைச் சரிபார்க்க நான் ஒரு பனையோலை நறுக்கை வாங்கி, ஒரே அகலத்துக்குக் கிழித்து, சாதாரண முடிச்சாகப் போட்டு மெல்ல இழுத்துத் தட்டையாக அமுக்கினேன். அப்படி இறுகும் முடிச்சு ஒழுங்கான ஐங்கோணமாக அமையும். அதன் ஒரு மூலையிலிருந்து இரண்டு மூலைவிட்டங்கள் வரைந்தால் 108 டிகிரி மூன்று 36 டிகிரிகளாகப் பிரியும். நம் ஊர்ப் பிள்ளைகள் ஓலையில் காற்றாடியும் கிலுக்கும் செய்துதான் வளர்ந்தார்கள்; கோணமானி இல்லாமல் 36 டிகிரியை உண்டாக்கும் வழி அந்த ஓலையிலேயே இருந்திருக்கிறது.

புதிய துண்டுகள் வந்த பிறகு, பெட்டியின் மிக அழகான பகுதி திறந்துகொண்டது. ஒடுங்கிய துண்டும் நீலத் துண்டும் ஒரே குடும்பம். ஒழுங்கான ஐங்கோணத்தை ஒரு மூலையிலிருந்து இரண்டு மூலைவிட்டங்களால் வெட்டினால் நடுவில் ஒடுங்கிய துண்டு ஒன்றும், இருபுறமும் நீலம் இரண்டும் கிடைக்கும். ஒடுங்கியதன் அடிப்பக்கத்தோடு நீலத்தின் சமபக்கத்தை, 72 டிகிரியும் 108 டிகிரியும் அடுத்தடுத்து வரும்படி சேர்த்தால், அந்த இரண்டும் 180 ஆகி நேர்கோடாகிவிடும். மிஞ்சுவது நீலத்தின் அதே வடிவத்தில் பெரிய முக்கோணம், அதன் பக்கங்கள் 8.1, 8.1, 13.1. ஐந்து, எட்டு, பதின்மூன்று என்று, முந்தைய இரண்டு எண்களைக் கூட்டி அடுத்ததைப் பெறும் பிபனாச்சித் தொடரின் எண்களையே உரசிக்கொண்டு நீளங்கள் வளர்வதை ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் தானாகவே கவனித்துச் சொன்னான். இரண்டு வகைகளின் பரப்புக்கும் உள்ள விகிதம் பொன் விகிதம், அதாவது ஏறத்தாழ 1.618. இதையும் தராசு காட்டியது: புதிய ஒடுங்கிய துண்டுகள் பத்தும் 100 கிராம், நீலம் பத்தும் 62 கிராம்.

இரண்டு ஒடுங்கிய துண்டுகள் சேர்ந்த பட்டமும், இரண்டு நீலங்கள் சேர்ந்த அம்புமுனையும், ஆங்கிலேயக் கணித அறிஞர் ரோஜர் பென்ரோஸ் 1970களில் கண்டுபிடித்த புகழ்பெற்ற தள அடுக்கின் இரண்டு ஓடுகளே. அந்த ஓடுகளைச் சேர்க்கும் விதிகளைக் கடைப்பிடித்தால் எல்லையில்லாத தளத்தையும் நிரப்பலாம். ஆனால் அமைப்பு ஒருபோதும் சீரான இடைவெளியில் திரும்ப வராது. 2020இல் இயற்பியலுக்கான நோபல் பரிசில் பங்கு பெற்றவரும் அவரே, அது கருந்துளை ஆய்வுக்காக. பெட்டியிலுள்ள இருபது துண்டுகளால் தளத்தை நிரப்ப முடியாதுதான், ஆனால் ஒன்றைச் செய்ய முடியும். பத்து நீலத் துண்டுகளை ஐந்து அம்புமுனைகளாக்கி, முனைகள் நடுவில் கூடும்படி வைத்தால் ஐந்து முனை விண்மீன் ஒன்று வரும். அதன் ஒவ்வோர் உள்வளைவிலும் 144 டிகிரி வெளியே திறந்திருக்கும். ஒடுங்கிய துண்டுகள் பத்தையும் ஐந்து பட்டங்களாக்கினால், ஒவ்வொரு பட்டத்திலும் 144 டிகிரி மூலை ஒன்று இருக்கும். அந்த மூலைகளை உள்வளைவுகளில் செருகியதும், இருபது துண்டுகளும் மீதமின்றிச் செலவாகி, முதல் விண்மீனின் அதே வடிவத்தில், பொன் விகித மடங்கு பெரியதாக, இன்னொரு விண்மீன் விரிந்து நிற்கும். பழைய துண்டுகளில் அந்த மூலை 144.5 டிகிரி இருந்ததால் பட்டம் உள்ளே முழுதாக இறங்கவில்லை. ஒன்றைத் தள்ளினால் மற்றொன்று வெளியே வந்தது. புதியவற்றை வைத்து ஐந்தாவது பட்டத்தைச் செருகிய மாலையில், கூப்பிட வந்த அம்மாமார்களும் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

மரவேலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். அரக்குப் பூச்சு ஆறு மாதத்தில் மங்கவில்லை, கையில் ஒட்டவில்லை. ஓரங்களை மழுக்காமல் விட்டிருப்பது சரியான முடிவு, ஏனென்றால் வடிவியல் பெட்டியில் வரும் பிளாஸ்டிக் மூலைமட்டங்களின் மூலைகள் மழுங்கியிருப்பதால் அவற்றைச் சேர்த்து வைத்தால் நடுவே துளை விழும். ஆனால் பச்சைத் துண்டுகளில் இரண்டின் 30 டிகிரி முனைகள், சிமெண்ட் தரையில் விழுந்தபோது உடைந்துவிட்டன. உடைந்த இடத்தைப் பார்த்தால் மரத்தின் இழை குறுக்கே ஓடுவது தெரிகிறது. இழை அடிப்பக்கத்தின் நெடுகே ஓடும்படி வெட்டியிருந்தால் அந்த முனைகள் தாங்கியிருக்கும். ஒடுங்கிய துண்டில் இழை அடியிலிருந்து உச்சியை நோக்கி ஓட வேண்டும். வாங்குபவர்கள் இதைப் பார்த்து வாங்க வேண்டும். ஏழாம் வகுப்புக்குக் கீழே உள்ள பிள்ளைகளிடம் இந்தக் கூர்முனைகளைத் தனியே கொடுக்கக் கூடாது.

பெட்டியில் இல்லாத ஒன்றையும் சொல்ல வேண்டும். எந்த முக்கோணத்தையும் நான்கு இருசமபக்க முக்கோணங்களாக வெட்டலாம்: நீளமான பக்கத்துக்கு எதிர்மூலையிலிருந்து குத்துக்கோடு இறக்கினால் இரண்டு செங்கோண முக்கோணங்கள் வரும், ஒவ்வொன்றிலும் செங்கோண மூலையைக் கர்ணத்தின் நடுப்புள்ளியோடு சேர்த்தால், அந்தப் புள்ளி மூன்று மூலைகளுக்கும் சமதூரத்தில் இருப்பதால், இரண்டிரண்டு இருசமபக்க முக்கோணங்கள் கிடைத்துவிடும். இதற்கான நான்கு துண்டுகளைப் பக்கங்கள் வேறுபட்ட அந்த அறுபத்தொன்றாவது துண்டின் குழிக்கே பொருந்தும்படி செய்து கொடுத்திருக்கலாம். இப்போதைக்கு இதை நான் காகிதத்தில்தான் வெட்டிக் காட்டுகிறேன்.

விலையைக் கேட்டுப் பலர் தயங்குகிறார்கள். ஐந்தாறு பிள்ளைகள் உட்காரும் வகுப்புக்கு 1,650 ரூபாய் தகும். ஒரே பிள்ளைக்கென்றால் தட்டையும் சிவப்பு, மஞ்சள், பச்சைத் துண்டுகளையும் மட்டும் தனியே கேட்டு வாங்கலாம், தருகிறார்கள். வாங்கும் இடத்திலேயே ஒடுங்கிய துண்டுகள் பத்தையும் சுற்றி அடுக்கி, வட்டம் மூடுகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். நான் பென்ரோஸ் அடுக்குக்காக ஒடுங்கியதில் நாற்பதும் நீலத்தில் இருபத்தைந்தும் மேற்கொண்டு கேட்டிருக்கிறேன், அடுக்கு பெரிதாகும்போது பட்டங்களின் எண்ணிக்கைக்கும் அம்புமுனைகளின் எண்ணிக்கைக்கும் உள்ள விகிதமும் பொன் விகிதத்தையே நெருங்கும் என்பதால். அளவு 50, 81 என்றும், இழை உச்சியை நோக்கி என்றும் தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். தைப் பொங்கலுக்கு முன்பே தந்துவிடுவதாக அண்ணாச்சி சொல்லியிருக்கிறார்.